முத்தலிப் காக்காவின் பயோடேட்டா

கல்முனையில் பயோடேட்டா டைப் பண்ணக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. விளம்பரத்தில் உள்ள சொற்களையெல்லாம் அள்ளிப் போட்டு, மீன் வெட்டுகிறவரையும் மனேஜராக்கி அனுப்பிவிடுவார்கள். அப்படியொரு கடை வைத்திருக்கும் ஸில்மியா மட்டும் அதற்கு மசியமாட்டாள். கொம்பனிக்காரர்கள் அந்தச் சொற்களைத்தான் தேடுவார்கள், அவை கட்டாயம் இருக்க வேண்டும் என்பாள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் உண்மையைக் கேட்பாள். பொலிஸில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்று திட்டியபடியே சனம் மறுபடியும் அவளிடம்தான் வரும்.

அண்ணன் முறைக்கு ஊரே காக்கா என்றழைக்கும் முத்தலிப் வந்தது கட்டார் வேலைக்காக. பெரிய சமையற்கூடம் ஒன்றுக்கு ஸ்டோர் கீப்பர் தேவை. விளம்பரத்தில் ‘ஸ்டொக் கொன்ட்ரோல்’ இரண்டு இடத்தில் இருந்தது. அவரோ நெல் ஆலையில் மூட்டை தைக்கிற மனிதர். மகள் ஹிமாயாவுக்குச் சீதனமாகக் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோயிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பொறுக்கமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

கொழும்பு ஹோட்டலில் மூன்று வருடம் ஸ்டோர் பார்த்ததாகப் போடச் சொன்னார். பார்த்தீர்களா என்று கேட்டாள். தலையைச் சொறிந்தார்.

பதினொரு வருடமாக நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவர் அவர்தான். அறுநூறு பேருக்குக் கிடாரம் வைப்பார். எந்த வீட்டிலிருந்து எத்தனை கிலோ அரிசி வந்தது, எத்தனை தேங்காய் போனது, மிச்சம் என்ன என்று கொப்பியில் இருக்கும். இதுதானே காக்கா அவர்கள் கேட்கிற ஸ்டொக் கொன்ட்ரோல் என்றாள் ஸில்மியா.

முத்தலிப்பின் முகம் கறுத்தது.

"அது அல்லாஹ்வுக்காகச் செய்யிற, புள்ள. அத எழுதி வேல கேட்டா, ஆக்கள் மெச்சச் செய்த முகஸ்துதியாப் போயிரும். நன்மையெல்லாம் போயிரும்."

ஸில்மியாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"பொய்ய எழுதப் பயமில்ல, உண்மைய எழுதத்தான் பயமா காக்கா?"

தான் எழுதுவது நன்மையை அல்ல, வேலையைத்தான் என்று அவள் தணிந்து சொன்னாள். முத்தலிப் இறங்கிவந்து, சம்பளம் வாங்காமல் செய்தது என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தாள். கொழும்பு ஹோட்டல் பொய் மட்டும் அதில் ஏறவில்லை.

நேர்முகப் பரீட்சை அவளுடைய கடைக் கொம்பியூட்டரிலேயே நடந்தது. அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. திடீரென்று நூறு பேர் கூடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஆறு கிலோ அரிசி, பத்துத் தேங்காய், அதற்காகத் தனியே எடுத்துவைத்த சாக்கு என்று முத்தலிப் மூச்சுவிடாமல் சொன்னார். பொய்யை எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருப்பார். ஒன்றரை மாதத்தில் விசா வந்தது.

வீடு கூரை மட்டத்துக்கு வந்த சமயத்தில் நோன்பும் வந்தது. முதல் நாள் பள்ளிக் கஞ்சி தண்ணீராக இருந்தது, அடியும் பிடித்திருந்தது. ஸில்மியா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தபோது கட்டாரிலிருந்து கோல் வந்தது. மகளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை.

"கஞ்சி எப்பிடி புள்ள? எல்லாருக்கும் காணுமா இருந்திச்சா?"

ஒரு பொய்ச் சொல்லையும் டைப் பண்ணாத ஸில்மியா கோப்பையைப் பார்த்தாள்.

"ஓம் காக்கா. நீங்க காய்ச்சின மாதிரியே இரிக்கி."

நோன்பு திறந்த பிறகு சொன்ன பொய்தானே, நோன்பைக் கெடுக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மிச்சக் கஞ்சியையும் குடித்து முடித்தாள்.