வளைவில் மூன்று கற்கள்

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வேலம்மாவுக்குச் சந்தேகப்படாவிட்டால் பொழுதே விடியாது. ரிங்லெட்டிலிருந்து வரும் மீன் லோரிக்காரன் சிரித்தால் மீன் பழசு என்பாள். மானேஜர் நலம் விசாரித்தால் லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்பாள். கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மலையடியில் இருக்கும் முட்டைக்கோஸ் தோட்டம் ஒன்றுதான். அதற்கு ஒன்று என்றால் சும்மா இருப்பாளா?

இந்த மழைக்கு மேலேயிருந்து சேறு இறங்கி இரண்டு பாத்திகளை மூடிவிட்டது. இன்னொரு மழை பெய்தால் தோட்டமே போய்விடும். மேலே மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் பாதை இருக்கிறது. "என்னைய வெரட்டத்தான் வேணும்னே மண்ணத் தள்ளி விடுறானுங்க" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போய்ப் புதருக்குள் ஒளிந்துகொண்டாள்.

சைக்கிள்கள் வந்தன. வளைவில் பாதைக்குக் குறுக்கே, லயத்தார் மாலை போட்டுக் கும்பிடும் மூன்று முனியாண்டிக் கற்கள் இருந்தன. அவற்றைக் கண்டதும் ஒவ்வொருவனும் பாதையை விட்டு இறங்கி, பக்கத்துச் சரிவில் சுற்றிக்கொண்டு போனான். அங்கே புல் செத்து, மண் அரித்து, பெரிய பள்ளமே விழுந்திருந்தது. அது நேராக அவள் தோட்டத்தில்தான் போய் முடிந்தது.

வேலம்மா பாய்ந்து கடைசிச் சைக்கிளைப் பிடித்தாள். ஓட்டி வந்தவன் ஃபாஹ்மி; தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், பாதையைப் பராமரிக்கும் கூட்டத்துக்குத் தலைவன்.

"பாதை கெடக்கிறப்ப என் தலைக்கு மேல ஏன்டா ஓட்டுறீங்க?"

"சாமி கல்லு மேல எப்படிக்கா ஏத்துறது? தப்பு லா."

"சாமின்னு தெரிஞ்சுதான பாதை போட்டீங்க?"

"ஐயோ அக்கா, கல்லே நாங்க வச்சதுதான். மழைத்தண்ணி பாதையில ஓடி மண்ண அரிக்காம ஓரமா திரும்பட்டும்னு குறுக்கப் பதிச்சோம். கண்ணுக்குத் தெரியச் செவப்புப் பெயிண்ட் அடிச்சோம். சைக்கிளு அது மேல ஏறித்தான் போவணும். மறுவாரம் வந்து பாத்தா மாலை கெடக்கு, கற்பூரம் எரியுது!"

முதல் கற்பூரம் ஏற்றியவளே வேலம்மாதான். தன் தோட்டத்தைக் காக்க முனி வந்து உட்கார்ந்துவிட்டது என்று லயத்துக்கே சொன்னவளும் அவள்தான். யாரையும் நம்பாதவள் அந்தக் கற்களை மட்டும் நம்பியிருந்தாள்.

ஃபாஹ்மி பொய் சொல்கிறானோ என்று அப்போதும் சந்தேகம். குனிந்து மாலையைக் கழற்றினாள். முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். அடியில் பெயிண்ட் பளபளத்தது.

"கல்லு மேல ஏத்து தம்பி" என்றாள்.

"நெசமாவா அக்கா?"

"ஏத்துடா!"

அவன் ஏற்றினான். வேலம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டுக்குள் முனியிடம் மன்னிப்புக் கேட்டாள்.