வளைவில் வர வேண்டிய வயலின்

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் மினிபஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்த இந்திப் பாட்டு ஓடுகிறது. அதன் வீடியோவில், வயலின்கள் எழும்பும் அதே நொடியில் கார் மலைவளைவில் திரும்பும். பள்ளத்தாக்கு முழுசாக விரியும்.

"மாமா, மெதுவா போங்க!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்துகிறார் பக்கத்து சீட் அக்கா.

"ஏங்க?" என்கிறேன்.

"வாய்க்கா வளைவுல திரும்பறப்பதான் வயலின் வரணும். போன்ல வீடியோவக் காட்டி நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன்."

முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைக்கிறது. வயலினுக்கு இன்னும் ஒரு வரிதான் பாக்கி. டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். டிராக்டர் ஒதுங்குகிறது.

வளைவில் திரும்புகிறோம். வயலின் எழும்புகிறது, வயல் விரிகிறது, ஹாரனுக்கு மிரண்ட கொக்குகள் மொத்தமாகக் கிளம்புகின்றன. பின் சீட்டில் விசில்.

அந்த வீடியோவில் கொக்கே கிடையாது.