பம்பாய்க்கும் துபாய்க்கும் நடுவில்

இதை எழுதுகிறவன் அமீர் நிஷாவை முதன்முதலாகப் பார்த்தது 1981 ஏப்ரலில், ஒரு பகல் பன்னிரண்டரை மணிக்கு. சுரக்குடியின் முதல் பி.எஸ்ஸி. பட்டதாரி என்ற மிடுக்கோடு, அவர் மகள் ரோஷன் பேகத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கக் காரைக்காலுக்கு சைக்கிளில் வந்திருந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கணக்குப் படிக்கிற நிலையில் இல்லை.

அமீர் நிஷா கூடத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார். ஒரே மகன் மன்சூர் அலி இரண்டு வருடம் கழித்துத் துபாயிலிருந்து திரும்பும் நாள் அது. அவன் ஆகாயத்தில் இருக்கும் நேரம் முழுக்க, பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஓதுவதாக நேர்ந்துகொண்டிருந்தார். அவன் போனபோதும் அப்படித்தான். குறைவில்லாமல் ஓதியதால்தான் பிள்ளை பத்திரமாக இறங்கினான் என்று நம்பினார்.

இந்தத் தடவை மனசு கிடந்து அடித்துக்கொண்டது. போனபோது பம்பாயில் பத்துக்குப் புறப்பாடு, துபாயில் பதினொன்றரைக்கு இறக்கம். ஒன்றரை மணி நேரம். இப்போது வந்த கடிதத்திலோ துபாயில் பன்னிரண்டுக்கு ஏறினால் பம்பாயில் நாலரைக்கு!

"அதே கடல்தானே நானா? வர்றப்ப மட்டும் ஏன் மூணு மணி நேரம் கூட? பிளேன்ல ஏதோ கோளாறு. எங்கிட்ட மறைக்கிறீங்க."

அண்ணன் அல்லா பிச்சை கொழும்புக்குக் கப்பலேறி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். "ஆயிரத்து இருநூறு மைலு, புள்ள. எதிர்காத்து அடிச்சா இழுக்கத்தான் செய்யும். ஒம் புள்ள டேப் ரெக்கார்டரு, கம்பளின்னு அள்ளிக்கிட்டு வேற வர்றான். கனம் தாங்க வேணாமா?"

"விளையாடாதீங்க. எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

சுரக்குடிக்காரன் தொண்டையைச் செருமினான். "அம்மா, துபாய்க் கடிகாரம் நம்மளைவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடிங்க. போனாலும் வந்தாலும் மூணு மணி நேரந்தான். இப்ப அங்க பதினொன்னு. உங்க புள்ள இன்னும் பிளேன்லயே ஏறலீங்க."

அல்லா பிச்சை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏறாத பிளேனுக்கு அரை மணி நேரமா பட்டினி கெடக்குறா பாரு!"

அமீர் நிஷா சிரிக்கவில்லை. விரலை மடக்கி எண்ணினார். எண்ண எண்ண முகம் வெளிறியது.

"அப்ப போன தடவை எம் புள்ள ஒரு மணி வரைக்கும் கடலுக்கு மேலதான் இருந்தானா? நான் பதினொன்றரைக்கே ஓதி முடிச்சிட்டேனே தம்பி! தண்ணி குடிச்சிட்டு, அடுப்புல பாயாசம் கிண்டிக்கிட்டிருந்தேனே!"

"அதான் நல்லபடியா எறங்கிட்டாரேம்மா."

"நான் ஓதாமலா?"

அமீர் நிஷாவுக்கு அதுவரை பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையைவிட்டு நழுவியது போல இருந்தது. ஒன்றரை மணிக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நாலரைக்கு ரோஷன் பேகம் செம்போடு வந்தாள். "உம்மா, நாலரை ஆயிடுச்சு. எறங்கியிருப்பாங்க."

"எந்த ஊரு நாலரைடி?"

செம்பைத் தொடவில்லை. மறுநாள் காலை பம்பாயிலிருந்து தந்தி வந்து, அதை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு மகனுடைய ஒவ்வொரு பயணத்துக்கும் தந்தி வரும்வரை ஓதினார். நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டார்.

இது 1988. அமீர் நிஷா அதே வீட்டில் மருமகளோடு இருக்கிறார். மன்சூர் அலி துபாயில் இருக்கிறான்.