வைக்கோல் உருளைக்கு ஒரு வணக்கம்

செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை விடியும்போது வெர்லா ஹோகன்சனும் அவள் கணவன் ஓரினும் நெப்ராஸ்காவிலிருந்து புறப்பட்டார்கள். மொன்டானாவில் இருக்கும் மகள் ஜனெல் வீட்டுக்குப் பாதி மாட்டின் இறைச்சியை ஐஸ் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது வருடாவருடம் நடப்பதுதான். வெர்லா பள்ளிக்கூடச் சமையலறையில் விடுப்பு சொல்லியிருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் இப்போது தட்டு நீட்டுகிறார்கள்.

ஓரின்தான் ஓட்டினான். தனியாகப் போனால் வெர்லா பனியிலும் சேற்றிலும் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் புருஷன் வண்டியில் இருக்கும்போது மனைவி ஸ்டியரிங்கைத் தொடுவது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. அவன் ஏறினால் இவள் தானாக இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

தெற்கு டகோட்டாவின் அந்தச் சாலையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். வெர்லாவுக்கு அப்படித் தோன்றியதில்லை. ஊர் வருகிறதென்றால் முதலில் உயரத்தில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி தெரியும், பிறகு கோபுரம் மாதிரி ஊரின் தானியக் களஞ்சியம், ரொம்ப நேரம் கழித்துத்தான் வீடுகள். ஓடைக்கரையை விட்டால் புல்வெளியில் மரம் தானாக முளைக்காது. நட்டநடுவெளியில் மரங்கள் வரிசைகட்டி நின்றால் ஒரு காலத்தில் அங்கே வீடு இருந்தது என்று அர்த்தம். சூரியகாந்தி முற்றிக் கறுத்து, வயல் முழுக்கத் தலை கவிழ்ந்து நின்றது. சாலையோரம் அங்கங்கே ஆள் உயரத்துக்குச் சுருட்டிப்போட்ட வைக்கோல் உருளைகள் கிடந்தன. ஓரின் அதன் விதைகளைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி ஓட்டினான். வானொலி கோதுமை விலை சொல்லிக்கொண்டிருந்தது.

எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். தெரிந்தவன், தெரியாதவன், வரப்புக்காக வழக்கு போட்டவன், எல்லோருக்கும். தூக்காதவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள்.

சாலை வெறிச்சென்று கிடந்த ஓரிடத்தில் ஓரின் விரலைத் தூக்கினான்.

"யாருக்கு?" என்றாள் வெர்லா.

"எவனோ வண்டிய ஓரமா நிறுத்தியிருந்தானே."

"அது வைக்கோல் உருளை, ஓரின்."

"வைக்கோலுக்கு மரியாதை குடுத்தா என்ன, விரல் தேஞ்சா போயிடும்?"

அவள் சிரித்தாள். கொஞ்சதூரம் போனதும் ஒரு தபால் பெட்டிக்கும் விரல் உயர்ந்தது. இப்போது அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேடு ஏறி இறங்கும்போது எதிரே ஓர் அறுவடை இயந்திரம், சாலையில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு வந்தது. ஓரின் விரலைத் தூக்கினான். வண்டியை ஒதுக்கவில்லை. வெர்லா அலறிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி சரளையில் வழுக்கி, வேலிக்கம்பியை உரசி நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள் தடதடவென்று சரிந்தன. அறுவடை இயந்திரத்துக்காரனும் விரலைத் தூக்கிவிட்டுத்தான் கடந்துபோனான்.

"ஏதோ கார்னு நெனச்சேன்," என்றான் ஓரின்.

"எத்தன நாளா இப்படி?"

"போன வசந்தத்துலேர்ந்து. நேராப் பாத்தா நடுவுல அழிச்சு விட்ட மாதிரி இருக்கு. ஓரத்துல நல்லாவே தெரியுது."

"அதான் கண்டதுக்கெல்லாம் விரலா?"

"எல்லாத்துக்கும் தூக்கிட்டா எவனும் கோவிச்சுக்க மாட்டான்ல."

"கோவிச்சுக்கறதுக்கு மொதல்ல எவனாவது உசுரோட மிஞ்சணும்! எறங்கு."

இறங்கினான். மொன்டானா வரைக்கும் வெர்லா ஓட்டினாள். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் விரலைத் தூக்கினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜனெல் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறுபடி மனைவி ஓட்ட ஓரின் ஒப்பாததால், திரும்பும்போது மருமகன் ஓட்டினான். வீடு வந்து இறங்கியதும் ஓரின் ஒன்றே ஒன்று சொன்னான்: "உன் பக்கத்துல மூட்ட மாதிரி உக்காந்து ஊருக்குள்ள நான் வரமாட்டேன்."

அவர்கள் பண்ணையிலிருந்து கடை, தேவாலயம், மருத்துவமனை எல்லாமே தூரம். வண்டியில்லாமல் அங்கே குடித்தனம் செய்ய முடியாது. இவன் இப்படியே முறுக்கிக்கொண்டு நின்றால் மாடுகளையும் நிலத்தையும் விற்றுவிட்டு, நகரத்து முதியோர் குடியிருப்பில் இரண்டு அறைக்குள் போய் அடைய வேண்டியதுதான். வெர்லா அதை அவனிடம் சொன்னாள். ஜனெலும் போனில் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

மறுவாரமே டிராக்டரில் ஏறி ஊருக்குக் கிளம்பினான். "இதுக்கு உரிமம் வேண்டியதில்ல, தெரியுமா?"

"உரிமம் வேண்டாம், சரி. கண்ணு?"

அவன் டிராக்டரைக் கிளப்பினான். வெர்லா காரை எடுத்து, அபாய விளக்கைச் சிமிட்டவிட்டு, டிராக்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்தாள். அதுவே வழக்கமாகிவிட்டது. காபிக் கடையில் அவன் நண்பன் தர்லோ கேலி செய்தான்: "என்னப்பா ஓரின், வேலிக் கம்பம்லாம் சௌக்கியமான்னு கேக்குதாம்! வாசல்ல உன் பாதுகாப்புப் படை வேற நிக்குது."

பனிக்காலம் வந்தது. அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவனுக்குப் பின்னால் போக யாருமில்லை. அந்த நாட்களில் குழம்பைக் கிளறும்போதெல்லாம் அவள் காது போனிலேயே இருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு போனைப் பார்த்தால், அவன் குரலில் ஒரு செய்தி பதிவாகியிருந்தது. கையைத் துடைக்காமலே காதில் வைத்தாள்.

"வெர்லா, நான்தான். ஊர்க் களஞ்சியத்துல இருக்கேன். பயப்படாத, ஒண்ணும் ஆகல. டிராக்டர இங்கயே விட்டுட்டேன், ரோடு பூரா ஐஸ். வேல முடிஞ்சதும் வந்து என்னை ஏத்திக்கிட்டுப் போ. தர்லோ கொண்டுவந்து விடறேன்னான். வேணாம்டா, என் பொண்டாட்டி வருவான்னு சொல்லிட்டேன்."