பேசாமல் கிடக்கிறது

மகளின் இடது கண் சிவந்தபோது மணல் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியர் ஒரு சாயத்துளி விட்டு, நீல ஒளியில் பார்த்துவிட்டு, கருவிழியில் மரக்கிளை போலப் புண் படர்ந்திருக்கிறது என்றார். சின்ன வயதில் அவள் உதட்டோரம் கொப்புளம் போட்ட அதே வைரஸாம். இத்தனை வருடமும் நரம்புக்குள் கிடந்திருக்கிறது.

மருந்தில் புண் ஆறியது.

"இனி வராதுதானே, டொக்டர்?"

"வரலாம். வந்தா உடன கொண்டுவாங்கோ. திரும்பத் திரும்ப வந்தா தழும்பு பார்வையை மறைக்கும்."

அந்த 'வரலாம்' என்ற சொல்லோடுதான் எங்கள் ஊர் கரம்பொனுக்குத் திரும்பினேன்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மகள் எங்கெங்கோ தேடி வாசித்துவிட்டு என்னைத் தேற்ற வந்தாள்.

"அம்மா, நரம்புக்குள்ள இருக்கேக்க அந்த வைரஸ் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ. துண்டுகள் செய்யுதாம். வைரஸை எழுப்புற புரதத்தைச் செய்யச் சொல்லிச் செய்தி வந்தா, அதுகள் போய் ஒட்டி அந்தச் செய்தியை அடக்கிப்போடும்."

"தன்னைத் தானே அடக்குதோ? ஏன்?"

"சத்தம் போட்டா உடம்பு கண்டுபிடிச்சிடும். பேசாமல் கிடந்தா சீவியம் முழுக்க இருக்கலாம். எங்கட நரம்புக் கலமும் அப்பிடித் துண்டுகள் செய்து உதவுதாம். நீங்கள்தான் பேசாமல் இருக்கிறியளில்லை."

அவள் சிரித்தாள். பேசாமல் கிடப்பதை எப்படிக் காவல் காப்பது?

வெயிலும் காய்ச்சலும் அதை எழுப்பக்கூடும் என்றும் அவளே சொல்லியிருந்தாள். அதனால் நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்திருந்த வெள்ளிக் கண்மலர் வைக்கப் போன அன்று அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன்.

"தங்கச்சி, கோயிலுக்கோ படப்பிடிப்புக்கோ போறீர்?" என்று படகுக்காரர் பகிடி விட்டார்.

நடுக்கடலில் அவள் கண்ணாடியைக் கழற்றி இடது கண்ணைக் கசக்கினாள்.

"நோகுதோ?"

"உப்புத்தண்ணி தெறிச்சது, அம்மா."

"வலது கண்ணைப் பொத்து. அங்க எழுதியிருக்கிறதை வாசி."

படகின் முன்பக்கம் ஒரு பலகை இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைச் சுருக்கிப் பலகையையே பார்த்தாள்.

"பாதுகாப்பு அங்கி அணியவும்" என்றாள். பிறகு, "இல்லை, பிழையா எழுதியிருக்கினம். ரெண்டு சுழி 'னி' போட்டிருக்கு. மூன்று சுழி எல்லோ வரவேணும்."

நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பலகைக்குக் கிட்டப் போய்ச் சுழிகளை எண்ணினேன்.

இரண்டுதான்.

திரும்பி வந்து இருந்து, "கண்ணாடியைப் போடு. இனிக் கசக்காதை" என்றேன்.