வசனத்தில் இல்லாத வினைச்சொல்

எங்கள் சபையில் பாஸ்டரம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரேக்க வகுப்பு ஆரம்பித்தபோது நான் சேர்ந்ததற்குப் பக்தி காரணம் இல்லை. ஆராதனை முடிந்து நேரே வீட்டுக்குப் போனால் வாரத் துணி மொத்தமும் எனக்காகக் காத்திருக்கும். அவ்வளவுதான்.

பாஸ்டரின் மனைவியான அவர் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். புதிய ஏற்பாடு முதலில் கிரேக்கத்தில் எழுதப்பட்டதால், முக்கியமான வார்த்தைகளுக்கு அந்த மொழியில் என்ன பொருள் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஆறு பெண்கள் சேர்ந்தோம். மாதம் முடிவதற்குள் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். எனக்கோ ருசி பிடித்துவிட்டது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. பொன்னேரியிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகுவேன். பக்கத்து சீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாமா இது, தெலுங்கா? எங்க மாமியா ஊரு ஆந்திராவுல தடாதான், எனக்கே படிக்க வரலியே" என்றார்.

இப்படியிருக்கையில் குடும்ப ஞாயிறு வந்தது. மனைவிகள் கணவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் சபைக்கு எழுதிய நிருபத்தில் வரும் வசனத்தைப் பாஸ்டர் பிரசங்கித்தார். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் கிரேன் ஆப்பரேட்டர். பிரசங்கம் என்றாலே தூங்கிவிடுகிறவர், அன்று கொட்டக்கொட்ட விழித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"வசனமே சொல்லிக்குது. இனிமே எதிர்த்துப் பேசாத."

அடுத்த வாரம் பாஸ்டரம்மாவிடம் அந்த வசனத்தைக் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிஸ்டர், ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல அந்த வசனத்துல வினைச்சொல்லே இல்ல. முந்தின வசனத்துலேர்ந்து எடுத்துக்கணும். அங்க 'ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியுங்க'னு போட்டிருக்கு. அர்த்தம் என்னவோ புரியத்தான் செய்யுது. ஆனா வார்த்தை இல்ல."

அர்த்தம் புரியத்தான் செய்யுது என்றதை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

"யோவ், நீ சொன்ன வசனத்துல கீழ்ப்படின்ற வார்த்தையே கெடையாது."

"இன்னா கெடையாது? தமிழ்ல போட்டுக்குதே!"

"கிரேக்கத்துல பாரு" என்று தாளை நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"நீ ரீல் உடற."

அதன்பின் அவர் எதை ஏவினாலும், "வினைச்சொல் எங்க?" என்பேன். மூன்று வாரம் பொறுத்தார். நாலாவது ஞாயிறு, பேஜார் தாங்காமல், நான் சொன்னது பொய் என்று நிரூபிக்க அவரே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். பாஸ்டரம்மாவையும் சேர்த்து நாலு பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண். எழுத்துகளை என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு.

ஒரு சாயங்காலம் கிரேக்கத் தாளை வைத்துக்கொண்டு கூடத்திலிருந்து கத்தினார். "இங்க வா! ரெண்டு வசனம் கீழ பாரு. இதோ கீது உன் வினைச்சொல்! எல்லாத்துலயும் கீழ்ப்படியணும்னு வேற பவுலு போட்டுக்குறாரு!"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"அது சபைக்குப் போட்ட வினைச்சொல். சபை கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியுது. பொம்பளைங்க பக்கம் 'அதேமாதிரி'னு மட்டும்தான் கீது, வினைச்சொல்ல மறுபடியும் காணோமே."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார். உண்மைதான். நான் சொன்னது வெறும் சாமர்த்தியம் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் விரல் அடுத்த வசனத்துக்கு இறங்கியது. புருஷர்கள் மனைவிகளிடத்தில் அன்புகூர வேண்டும் என்கிற வசனம்.

"இதுலயாவது வினைச்சொல் கீதா?"

"கீது. கட்டளையாவே கீது."

அவர் நம்பவில்லை. அந்த ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று, எல்லோர் முன்னிலையிலும், "இந்த வினைச்சொல் பழைய பிரதிங்கள்ல இல்லாம இருக்க வாய்ப்பு உண்டுங்களா?" என்று கேட்டார்.

"இல்ல பிரதர், எல்லாப் பிரதியிலும் இருக்கு" என்றார் பாஸ்டரம்மா.

சிரிப்பை அடக்க முடியாமல் நான் தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.