மாமாவின் மணல் பக்கெட்

எங்கள் வீட்டில் ஒரு மண் கரண்டிக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. ஆபீஸ் விட்டு மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்பேன். அக்கா துண்டை நீட்ட மாட்டாள். மாடிக்குப் போய் மாமாவின் பக்கெட் மேல் தகரம் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போவேன்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் எட்டு நாள், பத்து நாள் ஆகும். வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தூங்குவார், மறுநாள் மாடி ஏறிவிடுவார். மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டிகளில் உடைசலை எல்லாம் தோளில் சுமந்து வந்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிக் கத்தரியும் வெண்டையும் கீரையும் வைத்திருந்தார். மாடி முழுக்க மீன் பெட்டி. எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகாது. கலீஜ் பண்ணி வெச்சிருக்கீங்க என்று நான் மூக்கைப் பிடிப்பேன். பத்து நாளாகத் தண்ணியையே பார்த்துவிட்டு வருகிறவன் கொஞ்சம் மண்ணைத் தொட்டுக்கொள்கிறேனே, உனக்கு என்ன பேஜார் என்பார்.

சித்திரை பிறந்தால் தடைக்காலம். ரெண்டு மாதம் எந்த விசைப்படகும் கடலுக்குள் போகக் கூடாது. மற்றவர்கள் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலை தைப்பார்கள், நிழல் கண்ட இடத்தில் சீட்டுப் போடுவார்கள். மாமாவும் படகு வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் மனசு மாடியில்தான் இருக்கும். அவருடைய வருஷமே அந்த ரெண்டு மாதம்தான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

தடை முடிவதற்கு முதல் நாள் சாமான்களை எடுத்து வைப்பார். மொத்தம் நாலுதான். களை எடுக்கிற கொத்து ஒன்று, ஒரு மண் கரண்டி, கிளை வெட்டுகிற கத்தரி, கைக்கு அடக்கமாக ஒரு சின்ன அரிவாள். அதற்கு என்ன பாடு படுத்துவார் தெரியுமா? போர் தண்ணியில் கழுவக் கூடாது, எங்கள் பக்கத்து போர் தண்ணி உப்பு. லாரித் தண்ணியில்தான் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணியையா இரும்புக்கு ஊற்றுகிறீர்கள் என்று நான் கத்துவேன். காதில் வாங்க மாட்டார். கழுவி, வெயிலில் காய வைத்து, அரத்தால் ராவுவார். கத்தரியைத் திருகு கழற்றி, ஸ்பிரிங்கைத் தனியாகத் துடைத்து மறுபடி பூட்டுவார். மரப்பிடிக்கெல்லாம் விளக்கெண்ணெய் தடவுவார். கடைசியாக மணல் பக்கெட்.

அந்தப் பக்கெட்டில் ஆற்று மணல் இருந்தது. யாரோ வீடு கட்டி மீந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் பழைய தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கிளறி, நாலு சாமானையும் அலகு கீழே இருக்கும்படி சொருகி வைப்பார். படகு என்ஜினில் வடிக்கிற ஆயில் எவ்வளவு வேண்டுமானாலும் அவருக்கு ஓசியில் கிடைக்கும். அதை ஊற்ற மாட்டார். அந்தக் கொத்து நாளைக்கு நாம் தின்கிற கீரையில்தானே படும் என்பார். மணலைக் கொண்டுவந்த அன்று கொத்தனார் மாதிரி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பக்கெட்டில் கொட்டினார். அக்காவையும் பார்க்கச் சொன்னார். நான் த்தூ என்று ஓடிவிட்டேன்.

அந்த வருஷமும் எல்லாம் முடித்து, தகரத்தை மூடி, மேலே ஒரு கல் வைத்துவிட்டு, அக்காவிடம் சொன்னார்.

"நான் வர்ற வரிக்கும் துரு ஏறக் கூடாது, சொல்லிட்டேன்."

ஒவ்வொரு வருஷமும் சொல்கிறதுதான். அக்காவும் சரி சரி என்றாள். அந்தத் தடவை கடலுக்குப் போன நடையில்தான், ஆறாம் நாள் விடியும்போது, படகின் பின்பக்கம் முகம் கழுவப் போனவரைக் காணோம். கூட இருந்த ஐந்து பேரும் ரெண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் படகுகளும் தேடின. அவர் கழுத்தில் போட்டிருந்த துண்டுகூடக் கிடைக்கவில்லை.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன், லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். சரக்கு கிளியரிங் ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்காவிடம் வந்துவிட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கல்யாணம் இல்லை. ரெண்டு பேரும் அந்த வீட்டில் அவர் இல்லாததோடு குடித்தனம் நடத்தினோம்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் ஆள் மாதிரி செய்து, கடற்கரையில் வைத்துக் கருமாதி செய்கிறது எங்களில் வழக்கம். மாமாவின் அண்ணன் மூன்றாவது மாதமே வந்து பேச்செடுத்தார். அக்கா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள், உடம்பை யார் பார்த்தது என்று மட்டும் கேட்டாள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் வந்தார், மாமாவோடு படகில் போனவர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் அதே டீ, அதே கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா எண்ணெய் பாட்டிலோடு மாடிக்குப் போவாள். பக்கெட்டிலிருந்து நாலையும் உருவி, துடைத்து, எண்ணெய் பூசி, மறுபடி சொருகுவாள். கீழே படுத்திருக்கிற எனக்கு அரம் ராவுகிற சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டபோது படுக்கையிலிருந்து எழுந்துவிட்டேன், ஏனென்றால் அது அப்படியே மாமா ராவுகிற தாளம். ரெண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். இந்த வாரம் தண்ணி லாரி வரவில்லை, கறிவேப்பிலையில் பூச்சி விழுந்திருக்கிறது என்று பக்கெட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பெட்டிகளில் செடி எதுவும் இல்லை. கறிவேப்பிலை ஒன்றுதான் அதுவாக நின்றது. விதையெல்லாம் சாம்பல் கலந்து மாத்திரை டப்பாக்களில் அவர் வைத்தபடியே கிடந்தது. அக்கா ஒன்றைக்கூட விதைக்கவில்லை. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, கொத்து மட்டும் பளபளவென்று இருந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே பயம். துரு ஏறாமல் இருக்கிற வரைக்கும் அவர் இருக்கிறார் என்று அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இப்படியே அவளும் போய்விடுவாளோ என்று நினைப்பேன். அதைச் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவேன்.

ரெண்டாவது மழைக்காலத்தில் ஒரு பேய்க்காற்று அடித்தது. தகரம் பறந்தது. வெயிலில் கிடந்து நொந்துபோயிருந்த பிளாஸ்டிக் பக்கெட், மேலே இருந்த கல் விழுந்து பிளந்து, மணல் முழுக்க மாடிக் குழாய் வழியாகச் சந்துக்கு இறங்கிவிட்டது. அக்கா அந்தத் தண்ணியில் மண்டி போட்டு உட்கார்ந்து கையால் மணலை அள்ளப் பார்த்தாள். மாமா காணாமல் போன செய்தி வந்த அன்று அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள்.

மழை விட்டதும் ஆற்று மணல் கொண்டு வா என்று என்னை அனுப்பினாள். புதுப் பக்கெட்டை அவளே வாங்கி வைத்திருந்தாள். ஆற்று மணலுக்கு இப்போது எங்கே போகிறது? கட்டடம் கட்டுகிற இடத்தில் எல்லாம் கல்லை அரைத்த மணல்தான். எர்ணாவூரில் ஒரு வீட்டு வாசலில் கேட்டேன், மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனான். இன்னொரு கடையில் லோடு கணக்கில்தான் தருவோம் என்றார்கள். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையாக நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. வெயில், தூசி, பசி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மணல்னா மணல்தானே என்று கடற்கரைக்குத் திரும்பினேன். அலை தடுக்கக் கல் கொட்டியிருக்கிற இடத்துக்கு மேலே குவிந்திருந்ததை அள்ளிப் பையில் கட்டினேன். இத்தனை மழை பெய்திருக்கிறதே, உப்பு கழுவிப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எவளாவது அப்படி நினைப்பாளா? நான் நினைத்தேன்.

எர்ணாவூரில் வீடு கட்டுகிறார்கள், அங்கே கிடைத்தது என்று அக்காவிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். காலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. பையை மாடியில் வைத்துவிட்டுக் குழாயடிக்குக் கால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது நாலு சாமானையும் சொருகித் தகரம் மூடியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குப் போகவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்பாடா, கொஞ்சம் மனசு தேறுகிறாள் போல என்று விட்டுவிட்டேன். எண்ணெய் பாட்டில் சமையலறை அலமாரியில் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்து என்ன, என் புத்தி அவ்வளவுதான்.

மாசி மாதம் துணி உலர்த்தப் போனவள் பக்கெட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். மழை பெய்து ரெண்டு மாதம் ஆகிறது. தளம் காய்ந்து கிடக்கிறது. பக்கெட்டின் வாய் ஓரம் மட்டும் ஈரம். தகரத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான், அது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரத்தில் ஈர உடம்போடு யாரோ வந்து கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டுப் போன மாதிரிதான் இருந்தது. துணியைப் பாதியில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் காலையில் அந்த ஈரத்தைப் பார்க்கப் போவேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போவேன். தகரத்தைத் தூக்கி உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கத் துணிவில்லை. உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கிறது, ஏற்றியவள் நான், அக்கா எடுத்துப் பார்க்கிற அன்றைக்கு என்ன ஆவாள் என்பதே நினைப்பு. ஆபீஸில் டைப் அடிக்கும்போது கையிலிருந்து தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை வந்தது. நான் தலைக்கே எண்ணெய் வைக்கிறதில்லை.

சித்திரை முதல் நாள். மறுநாள் தடைக்காலம் தொடங்குகிறது. மாமா பக்கெட்டைத் திறக்கிற நாள். காலையில் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, மாடிக்கு வா என்று என்னைக் கூப்பிட்டாள். நான் அவள் பின்னாலேயே படி ஏறினேன்.

தகரத்தை எடுத்தாள். கொத்தை உருவினாள், வரவில்லை. ரெண்டு கையாலும் ஆட்டி இழுத்தாள். அலகு முழுக்கச் செம்மண் நிறத்தில் பொருக்கு. கரண்டியின் முனை கையோடு பெயர்ந்தது. கத்தரி வாய் திறக்கவில்லை. அரிவாளைத் தளத்தில் வைத்தபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மாமாவின் கை பிடித்துக் கறுத்த மரப்பிடிகள் மட்டும் அப்படியே இருந்தன. அக்கா நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவங்க அண்ணனுக்குப் போன் போடுடி. ஆக வேண்டியத பண்ணச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் இறங்கிப் போய்ப் போன் போட்டேன். அந்த வாரமே கடற்கரையில் தர்ப்பையில் மாமாவைச் செய்து படுக்க வைத்தார்கள். இவ்வளவு சின்ன ஆளா அவர் என்று எனக்கு அழுகை பொங்கியது. அக்காவின் பொட்டை அழிக்க வந்த சொந்தக்காரிகளோடு நான் வாய்க்கு வந்தபடி சண்டை போட்டேன். யார் யாரையோ திட்டினேன். உண்மையில் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அக்கா உயிரோடு வைத்திருந்த மனுஷனை ஒரு பை மணலைப் போட்டுக் கொன்றவள் நான்தானே.

காரியம் முடிந்து மூன்று நாள் தாங்கினேன். நாலாவது நாள் சாயங்காலம் மாடியில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். எர்ணாவூர் பொய், கடற்கரை, கல் கொட்டின இடம், எல்லாம். துரு என்னால் வந்தது, அது சகுனமும் இல்லை சேதியும் இல்லை, நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று தேம்பினேன். அக்கா கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள்.

"தெரியும்டி. நீ கால் கழுவிக்கினு இருந்தப்பவே நாக்குல வெச்சுப் பாத்தேன். கரிச்சுது."

பிறகு ஏன் சொருகினாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பக்கெட்டைப் பார்த்தாள்.

"நானா வுடணும்னா இந்த ஜென்மத்துல வுட்டிருக்க மாட்டேன். நீ இன்னாடான்னா, அவுரு கீற எடத்து மணலையே பையில கட்டி எடுத்தாந்து குடுத்துட்டே."

துணிகளை அணைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் முதல் தடவையாகப் பக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தகரத்தின் அடியில் தண்ணி கோத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.